முகம் திருப்பிய தண்ணீர்க்காரன்

கனகாம்பாளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மிங்கலா தாங்ஞுன்டு பேட்டையில் துப்பறியும் மாரிச்சாமியின் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "தண்ணிக்காரன் முகத்தைத் திருப்பிக்கிட்டான், சயா!" என்றாள். அந்த ஊரில் 'ஐயா' என்பதற்குச் 'சயா'.

அவள் பின்னால் கொழுந்தன் குழந்தைவேலு, சட்டம் போட்ட படத்தைத் தூக்கி வந்தான். கல்லில் வரைந்து தாளில் அச்சடிக்கும் பசுந்தாங் கல்லச்சுக்கூடத்தில் குமாஸ்தா அவன். அவனுக்கும் பின்னால் கண் வீங்கிய சைதா. அவள் புருஷன், படங்களுக்குச் சட்டம் போடும் அப்துல் அஜீஸ், போலீஸ் டாணாவில் அடைபட்டிருந்தார்.

கனகாம்பாளின் காலஞ்சென்ற கணவர் கப்பல் ஏலத்தில் எடுத்த பழைய படங்கள் நான்கு. எல்லாம் மெக்சிகோ தேசத்து உழைப்பாளிகள்: முதுகில் பானை சுமந்த தண்ணீர்க்காரன், கரி விற்பவன், ரொட்டி தட்டுபவள், கோழிக்கூடைக்காரன். அச்சடித்த கோடுகளுக்குள் கையால் வர்ணம் தீட்டியவை. தண்ணீர்க்காரனின் கண்ணாடி விரிசல் விட்டதால் அஜீஸ் புதுக் கண்ணாடி போட்டு, சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் மாட்டிவிட்டுப் போனார். பூஜையன்று சாமி படம், மெக்சிகோ படம் என்று பேதமில்லாமல் எல்லாருக்கும் பொட்டு வைத்தாள் கனகாம்பாள். ஒரு வாரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், படத்தின் வலப்பக்கம் நின்று இடப்பக்கம் பார்த்த தண்ணீர்க்காரன், இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்க்கிறான்!

"போலிப் படம். அஜீஸ் மாத்திட்டான்னு நான்தான் டாணாவுல சொன்னேன்" என்றான் குழந்தைவேலு.

"கண்ணாடி போட்டவர் கையிலதானே படம் இருந்துச்சு! முடிஞ்சுது சயா!" என்று துள்ளினான் உதவியாளன் இராமையா.

"அல்லா! அவரு ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்க மாட்டாரு" என்று சைதா விம்மினாள்.

மாரிச்சாமி படத்தை வாங்கி மடியில் வைத்தார். "இந்தப் பொட்டு யார் வெச்சது?"

"நான்தான்."

"ஆளை விட்டுட்டு ஆகாசத்துக்கு ஏன் வெச்சீங்க?"

கனகாம்பாள் குனிந்து பார்த்தாள். கண்ணாடியின் வலப்பக்கம், வெறும் காகிதத்துக்கு மேல் குங்குமம் ஒட்டியிருந்தது. தண்ணீர்க்காரன் தலையோ இடப்பக்கம். "ஐயோ, நான் நெத்தியிலதானே வெச்சேன்!"

"வெச்சீங்க. அன்னிக்குக் கண்ணாடிக்குப் பின்னால அசல் படம் இருந்துச்சு. அப்போ அஜீஸ் கொண்டாந்தது அசல். பூஜைக்கப்புறம் அவர் வந்தாரா?"

"வாசப்படி மிதிக்கல."

"வீட்ல வேற யாரு?"

"நானும்..." அவள் பார்வை கொழுந்தன் பக்கம் திரும்பியது.

"அண்ணி கை தவறி வெச்சிருப்பாங்க!" என்றான் குழந்தைவேலு.

"மத்த மூணுக்கும் நெத்தியிலதானடா இருக்கு?" என்றாள் கனகாம்பாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

மாரிச்சாமி நிதானமாகச் சொன்னார்: "கல்லுல நேரா வரைஞ்சா தாள்ல திரும்பித்தான் விழும். தொழில் தெரிஞ்சவன் அதைத் திருப்பி வரைவான். அச்சுக்கூடத்துல நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தவனுக்கு அது தோணாது. வரைஞ்சு, அடிச்சு, வர்ணமும் பூசி, யாரு கவனிக்கப்போறாங்கன்னு அதே கண்ணாடிக்குப் பின்னால மாட்டிட்டான். என்ன தம்பி?"

குழந்தைவேலு தொப்பென்று அண்ணி காலில் விழுந்தான். "கப்பல் தொரை ஒருத்தன் விலைக்குக் கேட்டான், குடுத்துட்டேன். நீங்க கண்டுபிடிச்சதும் பயந்து போய் அஜீஸ் பேரைச் சொல்லிட்டேன். காப்பாத்துங்க அண்ணி!"

தாயில்லாத பிள்ளையென்று இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கனகாம்பாள். படம் போனால் போகட்டும், சனியன். ஒரு மனிதரைச் சிறையில் தள்ளிவிட்டு, இரண்டு நாளும் இவன் அவள் கையால் தட்டு நிறையத் தின்றானே! அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"வீட்டு மானம் அண்ணி..." என்று முனகினான்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "ராமையா தம்பி, எனக்கும் சைதாவுக்கும் ஒரு லஞ்சா வண்டி கூப்பிடு, டாணாவுக்கு" என்றாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள்.

"நீ முன்னால நட. ஊரு பாக்கட்டும்."