பத்தி அணையும் முன்னே

சனிக்கிழமை மதியம் சைகோனின் தூ டுக் பகுதியில் ஏறிய அலுவலக நண்பர்களை, ஓட்டுநர் ஃபெர்னானின் வேன் பொழுது சாயும் நேரத்துக்கு டோங் நாய் ஆற்றங்கரைக் காட்டு விடுதியில் இறக்கிவிட்டது. ராத்திரி ஜீப்பில் போய் மிருகம் பார்ப்பது, காலையில் சைகோன் திரும்புவது. அவ்வளவுதான் ஏற்பாடு.

தண்டாயுதபாணி திருநெல்வேலிக்காரர், இன்ஜினியர், சுத்த சைவம். விடுதியிலோ கீரைக்குக்கூட மீன் சாஸ் ஊற்றியிருந்தார்கள். அலுவலக நண்பர்கள் கேலி பேசுவார்களே என்று, “எனக்குப் பசியே இல்லை” என வீறாப்பாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். வயிறு காந்தியது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அந்தப் பத்தில் முதலில் பறப்பது மானம்.

சமையல்கட்டின் பின்னால், மரத்தடியில் ஒரு சின்ன மேசை. வாழைப்பழம், உப்பு, கிண்ணம் கிண்ணமாக வெள்ளைக் கஞ்சி. நடுவே ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

ஆடி மாதம். ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்கள். சைகோன் மாரியம்மன் கோயிலில் வியட்நாம்காரர்களும் பத்தி ஏற்றிக் கும்பிடுவதை அவர் பார்த்திருக்கிறார். இதுவும் அப்படியொரு பிரசாதம், யார் குடித்தாலும் புண்ணியம்தான் என்று நினைத்துக்கொண்டார். கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக் குடித்தார். அப்புறம் இன்னொன்று. கை நிற்கவே இல்லை. கடைசிக் கிண்ணத்தை விரலால் வழித்து நக்கும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ எச்சில் விழுங்குவது கேட்டது.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

ஜீப் புறப்படும் நேரத்தில் சமையல்கட்டில் கூச்சல் கிளம்பியது. மேலாளர் காலிக் கிண்ணங்களைக் காட்டி, சமையற்காரி லானைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். ஃபெர்னான் சைகோனிலேயே பிறந்து வளர்ந்த புதுச்சேரிக் குடும்பத்து மனிதர். தமிழும் வியட்நாம் பாஷையும் தெரியும்; ஆண்களைப் பிரெஞ்சு வழக்கில் ‘மூசியே’ என்றுதான் கூப்பிடுவார். தண்டாயுதபாணியின் காதருகே குனிந்தார்.

“அது சாமிக்கு வெச்சதில்ல மூசியே. சண்டையில செத்து, எடுத்துப் போட ஆளில்லாம காட்டுலயே கெடந்தவங்களுக்கு வெச்ச கஞ்சி. பத்தி அணையறதுக்கு முன்ன மனுசன் வாய் வெச்சா, அவுங்க பசியோட பின்னாலயே வந்துடுவாங்களாம். இந்தம்மாதான் தின்னுட்டாங்கன்னு மேனேஜர் வேலையை விட்டுத் தொரத்துறான்.” நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். “நீங்க அந்தப் பக்கம் போனீங்களே, எதுனா பார்த்தீங்களா?”

நண்பர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பசியே இல்லை என்றவர், செத்தவர்களுக்கு வைத்ததை வழித்து நக்கினார் என்று இவர்களுக்குத் தெரிந்தால்?

“நானா? எனக்கென்ன தெரியும்ணே.”

லான் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தாள். பொத்தானருகே ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. விருந்தாளியைக் கைகாட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, காலிக் கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பருக்கையைச் சுண்டிவிட்டு ஜீப்பின் பின்வரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

காட்டுக்குள் ஈரமண் வாசனை. முன்னாலிருந்து அடித்த விளக்கு புல்வெளியைத் துழாவியது. ஒரு மான்கூட்டம் தலைதூக்கியது. பச்சைப் பச்சையாக மின்னிய கண்கள் விளக்கையே பார்த்தன. பிறகு, எல்லாக் கண்களும் ஒன்றாகப் பின்வரிசைப் பக்கம் நகர்ந்தன.

அவரைத் தாண்டி, பக்கத்து இருக்கையில் நிலைத்தன.

இருக்கை காலி.

மான்கள் சிதறி ஓடின. ஊதுவத்தி வாடை குப்பென்று அடித்தது. பக்கத்தில் யாரோ எதையோ நக்கும் சத்தம் கேட்டது.

முன் இருக்கையிலிருந்த ஃபெர்னான் திரும்பாமலே கிசுகிசுத்தார். “இருட்டுல என்னா சாப்பிடறீங்க மூசியே?”

“நான் ஒண்ணும் சாப்பிடலண்ணே.”

சட்டையில் பருக்கை இருந்த இடத்தை, குளிர்ந்த விரலொன்று மெதுவாக வழித்தது.

போனதும் சொல்லிவிடுகிறேன், அந்தம்மா காலில் விழுந்தாவது சொல்லிவிடுகிறேன் என்று முருகனுக்கு வாக்குக் கொடுத்தார். விடுதி வாசலில் லான் துணிமூட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சொல் போதும். நண்பர்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வண்டியின் சிவப்பு விளக்கு மறையும்வரை தலையைக் குனிந்துகொண்டே நின்றார். இருட்டில் தொட்ட விரலைவிட அந்த வெட்கம்தான் அவரை அதிகம் தின்றது.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளிக்கப் போனார்.

“மெள்ளச் சாப்பிடுங்க. இப்படி அள்ளிப் போட்டா விக்கிரும்லா!” மனைவி காந்திமதியின் குரல் சமையலறையிலிருந்து வந்தது.

அவர் குளியலறை வாசலில், ஈரத்துண்டோடு நின்றார்.

சாப்பாட்டு மேசையில் இட்லித் தட்டு விரலால் வழித்துத் துடைத்ததுபோல் கிடந்தது. எதிரே நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது.

சட்னியோடு வந்த காந்திமதி தட்டைப் பார்த்தாள். சொட்டும் தலையைப் பார்த்தாள்.

“இப்பதான் குளிச்சிட்டு வாரியளா? அப்போ இட்லி பூராத்தையும் தின்னது யாரு?”

காட்டில் சொல்லியிருக்க வேண்டிய சொல், இப்போது தானாக வந்தது.

“நான்தான்.”

அவள் நம்பிவிட்டாள். “அப்படி என்ன பசியோ!” என்று சிரித்தபடி, இன்னும் நாலு எடுத்துவர உள்ளே திரும்பினாள்.

காலி நாற்காலியின் முன்னாலிருந்த தட்டு, மேசைமேல் உரசிக்கொண்டே, மெல்ல அவள் பக்கம் நகர்ந்தது.