தியானப் பதியம்

விடிந்ததும் ஹெப்சிபாவின் உடம்பு அவளுக்கு முன்பே எழுந்துவிடும். முகம் கழுவி, கூடத்துக்கு வந்து, சம்மணமிட்டு, கை வேதாகமத்தைத் திறந்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம் முழுதாகக் கலையும். அதே கணத்தில் எதிரே அவள் கணவன் ஜெபசிங் உட்காருவான். ஒரு பாட்டு, ஓர் அதிகாரம், முழங்காலில் ஜெபம், ஆமென். அதற்கப்புறம் கைகால்கள் அவரவரிடம் திரும்பி வரும்.

கடல் ஊருக்குள் ஏறிய பிறகு தூத்துக்குடியின் கிழக்குப் பக்கம் முழுக்க மிதவை வீடுகள்தான். அங்கே ஏறக்குறைய எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் அரிசியளவில் பழக்கப்பதியம் என்ற ஒரு சில்லு இருந்தது. நடைப்பயிற்சி, மாத்திரை, பரீட்சைக்குப் படிப்பது என்று எதற்கு மனம் வணங்கவில்லையோ, அதை உடம்பு தானாகச் செய்துவிடும்.

இருவரும் முதலில் சொந்தமாகத்தான் முயன்றார்கள். அலாரம் வைத்தார்கள். கைப்பேசியில் வாசிப்புத் திட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்குவது லேவியராகமத்தில் படுத்துவிடும். சபையில் யாராவது "இன்னைக்கு ஆண்டவர் என்ன பேசினார்?" என்று கேட்டால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் பதிய நிலையத்துக்குப் போனார்கள்.

"தியானத்துல உக்காந்தா எது உங்களை எழுப்பி விடுது?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"ஃபோன். வாசல் மணி. பாப்பா அழுகை," என்றாள் ஹெப்சிபா.

"எல்லாத்தையும் அடைச்சிரவா? மத்த பதியமெல்லாம் ஒரு சத்தம் கேட்டாலே பிடிய விட்டுரும். இது ஆமென் வரைக்கும் விடாது."

"அடைச்சிருங்க," என்றாள் ஹெப்சிபா. ஜெபசிங்கும் தலையாட்டினான்.

ஒரு வருடம் எந்தக் குறையும் இல்லை. சபையில் அவர்களை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகச் சொன்னார்கள்.

அன்று காலை பாட்டு முடிந்து வாசிப்பு தொடங்கியபோது, இரண்டு வயது மகள் கெசியா கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வழக்கமாக இந்நேரம் தூங்குகிறவள். அம்மாவின் மடியில் கை வைத்துப் பார்த்தாள். அம்மா வாசித்துக்கொண்டே இருந்தாள். குழந்தை கதவுப் பக்கம் போய், எக்கி, தாழ்ப்பாளை நெம்பினாள். அது விலகியது.

எந்திரி என்று ஹெப்சிபா தன் கால்களுக்குச் சொன்னாள். அவை மடங்கியே கிடந்தன. வாய் அடுத்த வசனத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தது. எதிரே ஜெபசிங்கின் விழிகள் மட்டும் கதவுக்கும் அவளுக்குமாக ஓடின. இருவர் குரலும் ஒன்றுபோல் ஏறி இறங்கின.

வெளியே தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம்.

நீண்ட சங்கீத அதிகாரம் அது. அவள் தொண்டைக்குள் ஓர் அலறல் முட்டியது. வெளியே வந்ததெல்லாம் அடுத்த வசனம்தான்.

அதற்குள் பக்கத்து மிதவையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அமலோற்பவம் குதித்திருந்தாள். சொட்டச் சொட்டக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "ஏட்டி ஹெப்சி! பிள்ள தண்ணிக்குள்ள விழுந்துட்டாட்டி!"

இருவரும் எழுந்தார்கள். அமலோற்பவம் குழந்தையை நீட்டினாள். அவர்கள் திரும்பி முழங்காலில் நின்றார்கள்.

"இந்தக் குடும்பத்தைக் கண்மணிபோலக் காத்து வருகிறதற்காக ஸ்தோத்திரம்..." என்றது ஹெப்சிபாவின் வாய்.

அமலோற்பவம் ஓரடி பின்வாங்கினாள். பிறகு அவர்களைப் பார்க்காமல் குழந்தையைக் குப்புறக் கிடத்தி முதுகில் ஓங்கித் தட்டினாள். தண்ணீர் வந்தது. ஓர் இருமல். அப்புறம் அழுகை. இதெல்லாம் ஹெப்சிபாவின் முதுகுக்குப் பின்னால் நடந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குக் கழுத்து இல்லை.

ஆமென் வந்ததும் இருவரும் பாய்ந்தார்கள். அமலோற்பவம் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"தர மாட்டேன். ரெண்டு பேரும் மனுசங்கதானா? எனக்குப் பயமா இருக்குட்டி."

அவள் நடுக்கம் அடங்கிக் குழந்தையைக் கொடுப்பதற்குள் பொழுது நன்றாக ஏறிவிட்டது.

அன்றைக்கே ஹெப்சிபா பதியத்தை எடுத்துவிட்டு வந்தாள். ஜெபசிங் நிலையத்தின் வாசல்வரை வந்து நின்றுவிட்டான்.

"உள்ள வாங்க. எடுத்துருவோம்."

"எடுத்துட்டா நான் ஜெபிக்கவே மாட்டேன் ஹெப்சி. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"பிள்ள செத்திருப்பா."

"தெரியும். கதவுக்குப் பூட்டுப் போட்டுருதேன். பாக்க ஆள் வச்சிருதேன். ஆனா இது இல்லாம நான் யாருன்னு நினைச்சாலே நடுக்கமா இருக்கு."

"அப்போ இவ்வளவு நாளா ஜெபிச்சது யாரு?"

அவன் திரும்பி வீட்டை நோக்கி நடந்தான்.

மறுநாள் விடிந்தபோது அவளை யாரும் எழுப்பவில்லை, பயம்தான் எழுப்பியது. கெசியாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஜெபசிங் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்து தன் வேதாகமத்தைத் திறந்தாள். நாலு வரி போவதற்குள் பால் நினைவு வந்தது. விட்ட இடம் மறந்துபோனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். குழந்தை பக்கத்தைக் கசக்கியது. மூடி வைத்துவிட்டுப் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்து மீண்டும் உட்கார்ந்தாள். எதிலும் ஒழுங்கில்லை. உதடுகள் மட்டும் அவளுடையவையாக இருந்தன.

நிமிர்ந்து பார்த்தாள். ஜெபசிங்கின் கன்னங்களில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரலில் ஒரு பிசிறு இல்லை. அழுகிறவன் ஒருவனாகவும் வாசிக்கிறவன் இன்னொருவனாகவும் இருந்தான். அவள் முந்தானையால் அந்தக் கண்ணீரைத் துடைத்தாள். விரல் பட்டும் வாசிப்பு நிற்கவில்லை.

அவள் கண்ணை மூடினாள். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"ஆண்டவரே," என்றாள், திக்கித் திக்கி, "இவங்க உள்ளதான் இருக்காங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்லும்."