பிணமாக நடித்தவன்

அணைத்துவைத்த தொலைக்காட்சியிலிருந்து மூச்சுச் சத்தம் வந்தது.

சாரங்கா முதலில் மின்விசிறி என்று நினைத்தாள். நிறுத்தினாள். பிறகு கூரைத் தகரத்தில் உரசும் வேப்பங்கொப்பு என்று நினைத்தாள். ஆனால் வெளியே காற்றே இல்லை, இரணைமடு வாய்க்கால் பக்கமிருந்து தவளைச் சத்தமும் ஈர வைக்கோல் மணமும் மட்டும் ஜன்னலால் வந்துகொண்டிருந்தன. தொலைக்காட்சியின் வயரைச் சுவரிலிருந்து இழுத்தெடுத்துவிட்டு, அதன் புடைத்த கண்ணாடியில் காதை வைத்தாள். உள்ளே இழுத்து, சற்றுத் தங்கி, வெளியே விடும் சத்தம். மல்லாந்து படுத்திருக்கிற ஆளின் மூச்சு.

அம்மாவும் அப்பாவும் வவுனியாவில், கலியாண வீட்டில். இங்கே அவள் மட்டும்.

அது யாருடைய மூச்சு என்று அவளுக்குத் தெரியும். அதை நிறுத்தியவளே அவள்தான்.

பௌதிகவியல் படித்து முடித்து வேலைக்குக் காத்திருந்த காலத்தில் அவள் பழைய வீடியோக் கசெற்றுகளைத் தேடத் தொடங்கியிருந்தாள். யுத்த காலத்தில், மின்சாரமில்லாத வன்னியில், கலியாணவீட்டுக் கமெராவால் எடுத்து, மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு நடுவே கொட்டில்களில் காட்டிய படங்கள். பூஞ்சணம் பிடித்த நாடாக்களைத் துடைத்து, கணினிக்கு மாற்றி, முகநூலில் போடுவாள். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவளுக்குத் தோதான வேலை.

'பாலைப்பழக் காலம்' அப்படித்தான் மல்லாவியில் கிடைத்தது. அழவைப்பதற்காக எடுத்த படம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். செத்தவீட்டுக் காட்சியில் வெள்ளை வேட்டியால் மூடிக் கிடத்தியிருந்த பெடியனின் நெஞ்சு ஏறி இறங்கியது. "பிணத்துக்கு இழுப்பு வருத்தம் போல" என்று ஒருவர் எழுதினார். "எழும்பித் தேத்தண்ணி கேக்கப்போறான்" என்று இன்னொருவர். கனடாவிலும் லண்டனிலும் இருந்தவர்கள்கூட அவளது பதிவைப் பகிர்ந்து சிரித்தார்கள்.

படத்தை எடுத்த கனகலிங்கம் மாஸ்டர் பரந்தனிலிருந்து போன் எடுத்தார்.

"பிள்ளை, கிளிநொச்சியில படத்தைத் திரும்பப் போடப்போகினமாம். அந்தப் பிணத்தை ஒருக்காச் சாகடிச்சு விடுமன். அண்டைக்கும் கத்திப் பாத்தனான், பெடி அடங்கேல்லை. இவ்வளவு காலம் மூச்சு விட்டது காணும்."

அவள் சிரித்தாள். காட்சியில் ஒரு கணத்தை மட்டும் எடுத்து, அசையாத படமாக்கி அவன்மேல் ஒட்டினாள். நேர்த்தியான வேலை. சுற்றியிருந்து அழுதவர்கள் அசைந்தார்கள், அவன் அசையவில்லை. பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்தாள். பழைய பதிவை அழித்தாள். பகிர்ந்தவர்களிடமிருந்தும் அது போனது. நாடா ஏற்கெனவே வீடியோ டெக்குக்குள் சிக்கி அறுந்து, குப்பையோடு எரிந்திருந்தது.

இன்று மத்தியானம் கமலாட்சி என்ற அம்மா வந்தார். மல்லாவியிலிருந்து பஸ் மாறி வந்த களைப்போடு கதிரையின் விளிம்பில் இருந்தார்.

"பிணமா நடிச்சது என்ர மகன், தர்சன். கடைசிச் சண்டையில காணாமல் போனவன். அவன்ர படம் ஒண்டும் மிஞ்சேல்லைப் பிள்ளை, எல்லாம் ஓடேக்க விட்டது. உங்கட படத்தில அவன் மூச்சு விடுறான் எண்டு சனம் சிரிக்குதாம். எனக்கு அதை ஒருக்காக் காட்டுங்கோ."

சாரங்கா தொலைக்காட்சியில் காட்டினாள். கமலாட்சி மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார்.

"எங்க?"

சாரங்கா காட்சியைத் திரும்ப ஓட்டினாள்.

"அண்டைக்கு வந்து சொன்னவன். 'அம்மா, மூச்சை அடக்கேலாமல் போச்சு, மாஸ்டர் என்னை உண்மையாவே கொல்லப் பாத்தவர்' எண்டு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சவன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இதில செத்தெல்லோ கிடக்கிறான்."

"சனம் பகிடிக்குச் சொன்னதம்மா," என்றாள் சாரங்கா. "அதில மூச்சு இருக்கேல்லை."

கமலாட்சி தலையாட்டினார். கொண்டுவந்த கச்சான் கடலைச் சரையை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பொழுதுபட்டதும் இது தொடங்கியது.

அவள் குசினிக்குள் போனாள். அங்கேயும் கேட்டது, பானைகளுக்குப் பின்னால், அடுப்புச் சாம்பலின் மணத்தோடு. அலுமாரியைத் திறந்தபோது மடித்த சேலைகளுக்கு நடுவிலிருந்து வந்தது. தலையணையால் காதை மூடியபோது தலையணைக்குள் இருந்தது. மெல்ல மெல்ல அது மாறியது. இப்போது நெடுநேரம் தங்கியது. பிறகு விக்கி வெளியே வந்தது. யாரோ அதட்டியதால் அடக்கப் பார்க்கிற மூச்சு.

மறுபடியும் தங்கியது.

வரவில்லை.

வரவில்லை.

"விடு," என்றாள் சாரங்கா. "விடு தர்சன்."

விட்டது. அவள் காதருகில்.

கமலாட்சியை அழைத்து உண்மையைச் சொல்லலாம். 'நான் அழிச்சுப்போட்டன் அம்மா.' சொல்லிப் பார்த்தாள். வெறும் அறையில்கூட வார்த்தை வரவில்லை. ஆனால் ஒரு மூச்சைச் செய்யலாம்.

அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்து மூடிக்கொண்டு தரையில் மல்லாந்தாள். போனைக் கதிரையில் கட்டி, தன் நெஞ்சைப் படம் பிடித்தாள். அந்தத் துண்டை மங்கலாக்கி, பழைய நாடாவின் புள்ளிகளைத் தூவி, அவன் நெஞ்சின்மேல் பொருத்தினாள். விடியும்போது தர்சனின் நெஞ்சு ஏறி இறங்கியது.

சேமித்தாள். அந்தக் கணமே வீட்டுக்குள் சத்தம் நின்றது.

"அம்மா, பழைய பிரதி ஒண்டு அம்பிட்டது," என்றாள் போனில்.

"மெய்யாவோ? தலை தோய்ஞ்சிட்டு வாறன் பிள்ளை."

பஸ் பிந்தி, இருட்டுப்பட்ட பிறகுதான் கமலாட்சி வந்தார். நல்ல சேலை உடுத்திருந்தார். செத்தவீட்டுக் காட்சி வந்தது. பந்தல். ஒப்பாரி. வெள்ளை வேட்டி. அது உயர்ந்தது, தாழ்ந்தது.

"ஓம்," என்றார் கமலாட்சி. "ஓம். விடுறான். என்ர பெடி விடுறான்."

சாரங்கா ஒரு பெருமூச்சு விட்டாள்.

விட்டதை அவளால் மீண்டும் இழுக்க முடியவில்லை.

முதலில் பதற்றம் என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள். காற்று உதட்டோடு நின்றது. திரையில் காட்சி மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. ஒப்பாரி ஓய்ந்திருந்தது. கமலாட்சி எழுந்து போய், மகனின் நெஞ்சிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

கண்ணாடி உயர்ந்தது. கையும் உயர்ந்தது.

கண்ணாடி தாழ்ந்தது.

"சூடாயிருக்குது," என்றார் கமலாட்சி, திரும்பாமல்.

சாரங்கா அவரது சேலைத் தலைப்பை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். முழங்கால் மடிந்தது. நிலம் குளிர்ந்தது. வாய் திறந்தே இருந்தது. சத்தம் இல்லை. அவள் இழுக்க இழுக்க, அங்கே அந்தக் கை உயர்ந்தது.

"ஆறுதலா விடடா," என்றார் தாய், கண்ணாடியில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு. "இனி ஒருத்தரும் அடக்கச் சொல்லமாட்டினம்."

கண்ணாடி ஏறி இறங்கியது.