நேரில் வந்தவள்

வியாழக்கிழமை மாலைகளில் அந்த ஊர் நூலகத்தின் பின்னறையில் கொலெட் இலவசமாக நோட்டரி முத்திரை போட்டுக் கொடுப்பாள். அன்று பனி கொட்டியதால் கூட்டமில்லை. ஹீட்டர் குழாய்கள் மட்டும் சுவருக்குள் முனகிக்கொண்டிருந்தன.

டோரின் வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி. கையில் வீட்டுப் பத்திரம். அத்தை யூலாலி தன் வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டாளாம். கையெழுத்துப் போட்டாயிற்று, முத்திரை ஒன்றுதான் பாக்கி என்றாள்.

கொலெட் தயங்கினாள். கையெழுத்துப் போட்டவர் நேரில் வர வேண்டும். மனசாரத்தான் போட்டீர்களா என்று முகம் பார்த்துக் கேட்க வேண்டும். அதுதான் சட்டம். அதோடு யூலாலிக்கு நடமாட முடியாத மகன் ஒருவன் இருந்தான், எமில். அந்த வீட்டை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை.

அத்தை காய்ச்சலில் படுத்திருப்பதாகவும், எமிலை இனித் தானே பார்த்துக்கொள்ளப் போவதாகவும் டோரின் சொன்னாள்.

"படியேற முடியாத கிழவிய இந்தப் பனியில இழுத்துட்டு வரணுமா? உன் பிரசவத்துக்கு ராத்திரி முழுக்க வண்டி ஓட்டினவடி நான். என்னையே சந்தேகப்படுறியா?"

கொலெட் முத்திரையை அழுத்தினாள். டோரின் அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, தெருவுக்கு எதிரே இருந்த பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள்.

ஒரு மணி நேரம் போனது. வெளிச்சம் மங்கியது. ஹீட்டரின் முனகல் நின்றது. எங்கிருந்தோ ஈரக் கம்பளி வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை, பழைய தண்ணீரில் அழுகும் பூவைப் போல.

எதிர் நாற்காலி கிறீச்சிட்டது.

யூலாலி உட்கார்ந்திருந்தாள்.

கொலெட்டுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. இந்தக் காய்ச்சலோடு ஏன் அத்தை வந்தீர்கள் என்று கேட்டாள். கிழவியின் தலைமுடியில் பனி அப்பியிருந்தது.

அது கரையவில்லை.

"கேளு."

உதடு அசையவில்லை.

கொலெட் டோரினைக் கைபேசியில் அழைத்தாள். உன் அத்தை இங்கே இருக்கிறாள் என்றாள்.

"விளையாடாதடி. நேத்து ராத்திரியே போயிட்டா. நான்தான் கண்ண மூடிவிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா போட்டுத் தந்திருப்பியா?"

இணைப்பு அறுந்தது.

கொலெட் நிமிரவில்லை. மேஜையைப் பார்த்தபடியே, ஒரு மணி நேரத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள். "உங்க சொந்த விருப்பத்தோடதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல."

மிக அருகில். காதுக்குள்.

"நீ கேப்பேன்னு உன்னைத்தானேடி நம்பினேன்."

நிமிர்ந்தபோது நாற்காலி காலி.

பனியில் விழுந்தடித்து ஓடினாள். பத்திரம் பதிவாகிவிட்டிருந்தது. இனி கோர்ட்டுதான், வருஷக்கணக்கில் ஆகும் என்று கையை விரித்தார்கள். இழவு வாரம் முடிவதற்குள் டோரின் எமிலை வேற்றூர்க் காப்பகம் ஒன்றில் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டாள்.

அடுத்த வியாழன், இனி இங்கே முத்திரை கிடையாது என்ற அட்டையை மாட்ட கொலெட் நூலகத்துக்கு வந்தாள். முத்திரையை அவள் ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டாள். பின்னறை வாசலில் உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். ஏன் நிற்கிறீர்கள், உள்ளே போய் உட்கார வேண்டியதுதானே என்றாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தம்மா வேலைய முதல்ல முடிச்சு அனுப்புங்க. எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காங்க."