மரமில்லாமல் உறுமிய மோட்டார்

"அறுவை ஆலையில என் வீட்டுக்காரர் பேராசைப்பட்டுப் பெரிய மரத்தை ரம்பத்துல தள்ளினாராம். மோட்டார் திணறி எரிஞ்சு, கரண்ட் அடிச்சு செத்துட்டாராம். எல்லாரும் அவர் மேலதான் பழி போடறாங்க." அழுகை வராத குரலில் துப்பறிவாளரிடம் சொன்னாள் அவள். "இப்போ புது மோட்டார் போட்டு, அதே ரம்பத்துல என் தம்பியை நிறுத்தியிருக்காங்க சார்."

துப்பறிவாளர் மெதுவாகக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் அந்த மோட்டாரைப் பத்தி ஏதாவது சொன்னாராம்மா?"

"மரமே வைக்காம ஓட்டினாலும் உறுமுது, கை வைக்க முடியாம கொதிக்குதுன்னார். மேலாளர் காதுலயே போட்டுக்கலையாம்."

துப்பறிவாளர் உடனே எழுந்துவிட்டார்.

மர அறுவை ஆலையில் தம்பி ரம்பத்தருகே நின்றிருந்தான். அவள் நேராக அவனிடம் போனாள். துப்பறிவாளரோ மோட்டாரைப் பார்க்காமல் கூரையை அண்ணாந்து பார்த்தார். பல்புகள் எல்லாமே புதியவை. கண் கூசும் வெளிச்சம்.

"பழசெல்லாம் ஃபியூஸ் போயிடுச்சு," என்றார் மேலாளர்.

"மரம் சிக்கினா மோட்டார் எரியும்தானே சார்?" என்று அவசரப்பட்டார் துப்பறிவாளரோடு வந்த உதவியாளர்.

"எரியும். பல்பு ஏன்யா ஃபியூஸ் போகணும்?"

தம்பியை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, மரம் இல்லாமல் ரம்பத்தை ஓடவிட்டார். சற்று நேரத்தில் மோட்டார் உறும ஆரம்பித்தது. சூடேறிய வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது.

"மேலாளர் சார், அது மேல கொஞ்சம் கை வைங்க."

மேலாளர் சட்டென்று பின்வாங்கினார்.

"ஏன் சார் பயம்? மரம்தான் காரணம்னா, இப்போ மரமே இல்லையே!"

சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, உதவியாளர் மின் இணைப்பில் வைத்த வோல்ட் மீட்டரைப் பார்த்தார். "நானூத்திப் பதினஞ்சு வோல்ட் மோட்டாருக்கு ஐந்நூறு கொடுத்திருக்கீங்க. பல்பெல்லாம் போனதும் அதனாலதான். வேகம் பெரிசா கூடாது, சூடுதான் கூடும். உள்ள கம்பிச் சுருள் மேல இருக்கிற பூச்சு கருகிப் பொடியாகும். அப்புறம் கரண்ட் இரும்பு உடம்புக்கே வந்திரும். கசியற கரண்டை மண்ணுக்குள்ள இறக்குற எர்த் கம்பியும் அறுந்து தொங்குது. அந்த இரும்பு உடம்புலதான் அவர் கை வெச்சிருக்கார்."

மேலாளரின் முகம் செத்துவிட்டது. "ரம்பம் மந்தமா ஓடுச்சு... டிரான்ஸ்பார்மர்ல வோல்ட்டைக் கூட்டி வெச்சா சீக்கிரம் அறுக்கும்னு நினைச்சேன்."

"மோட்டார் கொதிக்குதுன்னு அவர் வந்து சொன்னப்பவே காரணம் உங்களுக்குத் தெரியும்."

மேலாளர் ஆமென்று தலையாட்டினார்.

அவள் அவர் எதிரே போய் நின்றாள். "தலையாட்டினா போதாது. இவங்க எல்லாருக்கும் கேக்கணும். வாயைத் திறந்து சொல்லுங்க."

ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"அவன் மேல தப்பில்லை," என்றார் மேலாளர். "வோல்ட்டைக் கூட்டி வெச்சது நான்தான்."

அவள் மரத்தூளில் அப்படியே உட்கார்ந்தாள். கணவன் செத்த பிறகு முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.