மூடியில் இருந்த பழைய ரப்பர்

"என் மருமகன் என் பையனைக் கொன்னுட்டான் சார். அதை உங்க கையால எழுதிக் குடுக்கணும்."

சொன்னவர், ஆலையில் முப்பது ஆண்டுகள் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் ஓட்டிச் சென்ற பழைய பிக்கப், மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதி ஐந்து நாள் ஆகியிருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னதாக நான்கு சக்கரங்களிலும் பிரேக் ரப்பர்களை மாற்றிப் புதிய பிரேக் ஆயில் ஊற்றியவர், மெக்கானிக்கான மருமகன். போலி ரப்பர் போட்டார் என்று அவரைக் காவலில் வைத்திருந்தார்கள்.

விபத்து வாகனங்களை ஆராய்ந்து அறிக்கை தரும் நிபுணர், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பெரியவர் போனதும் உதவியாளர் ஆர்வத்துடன் ஒரு தாளை நீட்டினார்.

"போலிதான் சார். நாலு சக்கரத்துலயும் ரப்பர் ஊறி, உப்பிப் போயிருக்கு. போலீஸ் எடுத்த படத்துலயே தெரியுது. டைப் பண்ணிட்டேன்."

"அறிக்கையை முதல்ல டைப் பண்ணிட்டு வண்டியை அப்புறம் பார்க்கறது வேகமான முறைதான்மா. கிளம்புங்க."

நொறுங்கிய வண்டியில் நிபுணர் சக்கரங்களைத் தொடவே இல்லை. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். அதன் உள்ரப்பர் நெளிந்து வெளியே பிதுங்கியது. மூடியை மறுபடி பொருத்த முடியவில்லை.

மறுநாள் காலை, வண்டியை வழக்கமாக நிறுத்தும் பெரியவர் வீட்டுக் கொட்டகைக்குப் போய், அவரையும் அவர் மகளையும் வரவழைத்தார். மகள் தன் கணவரின் பட்டறையிலிருந்து, மீதி பிரேக் ஆயில் இருந்த புட்டியைக் கொண்டுவந்திருந்தாள். நிபுணர் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்தார். புட்டியில் இருந்ததை ஒன்றில் விட்டார், கலந்து மறைந்தது. முந்தின நாள் வண்டியிலிருந்து எடுத்து வந்ததை மற்றொன்றில் விட்டார். அதில் ஒரு பகுதி மேலே மிதந்தது.

"பிரேக் ஆயில் தண்ணியோட கலந்துடும். மிதக்கறது மெஷினுக்குப் போடற எண்ணெய்," என்றார். "அது பட்டா இந்த ரப்பர் ஊறிடும். ஊறினா, பெடலை விட்டாலும் பிரேக் விடாது. உரசி உரசிச் சூடேறும். இறக்கத்துல ஆயில் கொதிச்சதும் பெடல் தரைவரைக்கும் போயிடும், பிரேக் பிடிக்காது."

"ரப்பரே போலியா இருந்தா சார்?" என்றார் உதவியாளர்.

"மெக்கானிக் மாத்தினது சக்கரத்து ரப்பரை மட்டும். மூடியில இருக்கறது வண்டியோட வந்தது. இருபது வருஷமா நல்லா இருந்த ரப்பர். அதுவும் இப்போதான் உப்பியிருக்கு. அப்போ கெட்டது ரப்பர் இல்லை, உள்ளே ஊத்தினது. மெக்கானிக் ஊத்தினது சுத்தம்னு இந்த டம்ளர் சொல்லுது. வண்டி வீட்டுக்கு வந்த பிறகு பானட்டைத் திறந்தது யார்?"

"அண்ணன் ஓட்டறதோட சரி சார். தினம் காலையில திறந்து பார்க்கறது அப்பா..."

மகள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

நிபுணர் அலமாரியிலிருந்து ஒரு தகர டின்னை எடுத்துப் பெரியவர் முன் வைத்தார். பளபளவென்று துடைத்து வைத்திருந்த டின்.

"இதுதானா ஐயா?"

பெரியவர் டின்னைக் கையில் எடுத்தார்.

"டப்பாவுல ஆயில் கோட்டுக்கு ஒரு விரக்கடை குறைஞ்சிருந்தது, இதை ஊத்தினேன். ஆலையிலேயே முதல் தரம் இது. பெரிய மெஷினுக்கு மட்டும்தான் போடுவோம்." டின்னைக் கீழே வைத்தார். "விபத்துக்கு முந்தின நாள் ராத்திரி பையன் சொன்னான். பிரேக் பிடிச்சு இழுக்குதுப்பா, மச்சான்கிட்ட காட்டட்டுமான்னு. எதுக்குடா அவனுக்குத் தொந்தரவுன்னு நான்தான் காலையில இன்னும் கொஞ்சம் ஊத்தி அனுப்பினேன்."

உதவியாளரின் பேனா நின்றது.

"எழுதுங்கம்மா," என்றார் பெரியவர். "விடாம எழுதுங்க."

மகள் தந்தையின் பக்கம் திரும்பவில்லை. புட்டியின் மூடியை இறுக்கி, நிபுணரிடம் கேட்டாள்:

"அவரை இன்னைக்கே விட்டுடுவாங்களா சார்?"