இரண்டு கட்டில் அறை

விடுதிப் பெண் அவளுடைய பெயரைக் கேட்கவே இல்லை.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கும் வான் சூரோங்குக்குக் கையும் காலும் ஓய்கிற ஒரே நாள். அடுப்பில் புளித்த தக்காளிக் குழம்பில் மீன் வெந்துகொண்டிருந்தது. வெளியே குய்சோ மலைகளிலிருந்து இறங்கிவந்த மூடுபனி எதிர்க் குடியிருப்பை மாடி மாடியாக விழுங்கி, மிச்சம் வைத்திருந்த ஒன்றிரண்டு ஜன்னல்களையும் மெல்ல மென்றுகொண்டிருந்தது. புத்தாண்டு விடுமுறையில் மூன்று நாள் சோங்சிங் போவதாகத் திட்டம். ஒரு வாரமாகப் போனில் விடுதிப் படங்களைப் புரட்டிப் புரட்டிக் கடைசியில் ஒன்று பிடித்தது. இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கட்டடம்.

"ஜன்னல்லேருந்து ஆறு தெரியுமாம்மா?" என்று விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"ரெண்டு ஆறும் தெரியும் வான் அக்கா. ஆனா நீங்க ஏறி வர வேண்டாம், இறங்கி வரணும். எங்க ஊர்ல அப்படித்தான். ரோடு பதினோராவது மாடியில இருக்கும், ரூமெல்லாம் அதுக்குக் கீழ." பெண் சிரித்தாள். "ரெண்டு கட்டில் ரூம்தானே? எடுத்து வெச்சுட்டேன்."

"என் பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அம்மா சொன்னாங்களே."

அந்தக் குரலுக்குப் பின்னால், வெகு தூரத்தில், மரத்தரையில் யாரோ துணிச்செருப்பைத் தேய்த்து நடக்கிற ஓசை கேட்டது. சூரோங் போனை வைத்துவிட்டாள். அம்மா இறந்து ஒன்பது மாதம் ஆகிறது.

கூடத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த அவள் கணவன் லுவோ கங் இதைக் கேட்டுப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு நாளைக்கு நூறு தடவை யாராவது யாரையாவது யாரோ என்று நினைத்துக் கூப்பிடுவதைப் பார்க்கிறவன்.

"நீ விடுதி தேடுறியா, மாப்பிள்ளை தேடுறியா? ஒரு வாரமா ஒண்ணும் அமைய மாட்டேங்குது. இப்ப அமைஞ்சதுக்கும் ஒரு குத்தம் கண்டுபிடிச்சாச்சு."

"அம்மா சொன்னாங்கன்னு சொல்றாப்பா."

"வான்னு பேரு இருக்கற பொம்பளைங்க அந்த ஊர்ல லட்சம் பேரு இருப்பாங்க. அவங்களுக்கெல்லாம் அம்மா கிடையாதா?" விதைத்தோலைத் துப்பிவிட்டுக் குரலைத் தணித்தான். "பாரு, உங்கம்மா ஆசைப்பட்ட ஊரு. நாமளாவது போய்ப் பாத்துட்டு வருவோம்."

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. இருபது வருடமாக அம்மா கேட்ட ஒரே ஊர் அது. வருகிற புத்தாண்டுக்கு, வருகிற புத்தாண்டுக்கு என்று சூரோங் தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசி இரண்டு வருடம் அம்மாவுக்கு நினைவு தப்பியபோதும் அந்த ஊர் மட்டும் தப்பவில்லை. துணியை மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு முறை நெடுஞ்சாலை நடுவில் நின்றுகொண்டிருந்தவளை லாரிக்காரர்கள் கூட்டிவந்து விட்டார்கள். அதற்குப் பிறகுதான் உள்ளறைக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. வேறு வழி இருக்கவில்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னாள்.

லுவோ கங் ரயில் டிக்கெட் எடுக்கவும், சோங்சிங்கில் இருக்கும் தன் சித்தப்பா வீட்டுக்குப் புகைபோட்ட இறைச்சி வாங்கவும் கிளம்பினான். கதவு சாத்தியதும் வீடு ஒரு சுற்றுச் சுருங்கியது போலிருந்தது.

அவள் வேறு விடுதி பார்த்தாள். ஆற்றுக்கு அக்கரையில், புதுக் கட்டடம். இந்த முறை பேசவில்லை. கணவன் பெயரைப் போட்டு, அவன் போன் எண்ணையே கொடுத்து, எழுத்தில் மட்டும் கேட்டாள்: இருவருக்கு ஓர் அறை, ஜன்னலோடு.

பதில் உடனே வந்தது.

"வணக்கம் வான் அக்கா. ஜன்னல் வேண்டாம், தனக்குப் பழக்கமில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். உள்ளறை ஒதுக்கியிருக்கிறோம்."

கீழே ஒரு படம். வெள்ளைச் சுவர், இரண்டு கட்டில்கள். ஒன்றில் விரிப்பு கலையாமல் இருந்தது. மற்றதில் நடுவில் ஒரு குழிவு, ஒல்லியான ஓர் உடம்பு அப்போதுதான் எழுந்துபோனது போல. கட்டிலடியில் நீலத் துணிச்செருப்பு, தாமரை தைத்தது. பிணத்துக்குப் போடுகிற செருப்பு. இடதுபக்கத் தாமரைக்கு ஓர் இதழ் குறைவு. கை நடுங்கித் தையல் விட்டுப்போன இதழ் அது. அம்மாவுக்காக அதைத் தைத்தது சூரோங்கின் கைதான்.

குழம்பு தீய்ந்து வாடை வந்தது. எழுந்து அடுப்பை அணைக்க வேண்டுமென்று தெரிந்தது. போனைப் பிடித்துக்கொண்டு, முன்பதிவை ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"ரத்து செய்ய இயலாது. விருந்தினர் உள்ளே இருக்கிறார்."

அதன் பின் இன்னொரு செய்தி.

"மகள் வந்ததும் கதவை வெளியே பூட்டிவிடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்."

அதன் பின் ஒரு குரல் பதிவு. தொடவே இல்லை, தானாக ஓடியது. குரல் இல்லை அதில். தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு. கடுமையாக இல்லை, பக்கத்து வீட்டில் உப்புக் கேட்க வந்தவள் தட்டுவது போல.

சூரோங்குக்கு அந்தத் தட்டு தெரியும். ஏப்ரல் மாதக் காலையொன்றில், பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டது. மூச்சு முட்டுது, திறடி, என்று ஒரு குரலும் கேட்டது. தினமும் இதே பாட்டுதான் என்று நினைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். சாயங்காலம் லுவோ கங் வருவதற்குள் கதவடியில் கிடந்த அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, கைகளைப் போர்வைக்குள் மறைத்து, "தூக்கத்துலயே போயிட்டாங்கப்பா" என்றாள். கையுறை மாட்டித்தான் புதைத்தார்கள். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

அடுப்பை அணைத்தாள். வாயிற்கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். கணவன் தெருமுனை நிறுத்தத்தில் இன்னும் பேருந்துக்குக் காத்துக்கொண்டிருப்பான். கூப்பிட்டால் கேட்கும். போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

மூடுபனி படிக்கட்டுக்குள்ளும் வந்திருந்தது. காலடிச் சத்தத்துக்கு எரிகிற விளக்குகள் அவள் மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாக எரிந்தன. மூன்றாம் மாடி. ஷீ குடும்பத்தின் கதவு, அதில் ஒட்டிய புத்தாண்டுச் சிவப்புத் தாள். இரண்டாம் மாடி. யாரோ மிளகாய் வதக்குகிற நெடி. முதல் மாடி. சைக்கிள்கள்.

படிகள் முடியவில்லை.

இன்னொரு மாடி இறங்கினாள். கதவுகள் இல்லை. தெரு இல்லை. இன்னொன்று. சிமெண்டு போய்க் காலடியில் கம்பளம் வந்தது. மெத்தென்று. ஈரமாக. அவள் நின்றாள். சத்தமே இல்லை. ஆனாலும் கீழே ஒரு விளக்கு எரிந்தது.

அதற்குக் கீழே இன்னொன்று.

திரும்பி மேலே ஏறப் பார்த்தாள். மேலேயும் படிகள் கீழேதான் போயின.

"வாங்க வான் அக்கா." இளம்பெண்ணின் குரல். மரியாதையான குரல். யாரும் இல்லை. "ரொம்ப நேரமா காத்திருக்காங்க."

நீண்ட தாழ்வாரம். கடைசியில் திறந்த கதவு. அவள் நடக்கவில்லை. கதவு பக்கத்தில் வந்தது.

வெள்ளைச் சுவர். இரண்டு கட்டில்கள். ஜன்னல் இல்லை.

பின்னால் கதவு சாத்தியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"நான் சொல்லிடறேம்மா," என்றாள் சூரோங். "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

ஒரு கட்டிலில், சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ படுத்திருந்தார்கள். திரும்பவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அதன் கையுறை மெதுவாகக் கழன்று விழுந்தது. நகங்கள் இல்லை. விரல்நுனிகள் எலும்புவரை தேய்ந்து, மழுங்கியிருந்தன.

அந்தக் கை அடுத்த கட்டிலின் தலையணைக்கு நீண்டு, குழந்தையைப் படுக்க அழைப்பது போலத் தட்டியது.

மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மூன்று தட்டு.